‘எட்டாவது அதிசய’த்துக்குக் குழாய் போட்ட கிராமம்... கடைசியில் பில் யாருக்கு?

உங்கள் அபார்ட்மென்ட்டின் தரைத்தளம் முழுவதையும் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறார். ‘‘இங்கே நூறு பேர் வேலை பார்க்கிற மாதிரி பெரிய ஹோட்டல் வைக்கப்போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதல் வேலை. ஹோட்டல் வந்தால் உங்கள் ஃபிளாட்டின் விலையும் ஏறும்’’ என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அப்புறம் மெதுவாக அடுத்த விஷயத்துக்கு வருகிறார். ‘‘இப்போது இருக்கிற போர்வெல் போதாது, புதிதாக இரண்டு போட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டும். கழிவுநீர்க் குழாயும் பெரிதாக வேண்டும். அசோசியேஷன் பெயரில் லோன் எடுத்துச் செய்துவிடுங்கள். ஹோட்டல் ஓட ஆரம்பித்ததும் மெயின்டனன்ஸில் நானே கட்டிக் கழித்துவிடுகிறேன்.’’

லோன் எடுத்தாயிற்று. போர்வெல் போட்டாயிற்று. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், தரைத்தளத்தில் ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. ஜூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இ.எம்.ஐ?

இது நானாகச் சொன்ன கதை. ஆனால், இதே கதை பல நூறு கோடி டாலர் கணக்கில் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. நடந்த இடம், விஸ்கான்சின் மாநிலத்தில் மிஷிகன் ஏரிக்கரையை ஒட்டிய மவுன்ட் பிளசன்ட். ஹோட்டல்காரர் இடத்தில் இருந்தது நமக்கு நன்றாகவே தெரிந்த கம்பெனி, ஃபாக்ஸ்கான். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கிறார்களே, அதே தைவான் நிறுவனம்தான். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு, வரிசையாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் ஞாபகத்துக்கு வரும்.

தங்க நிற மண்வெட்டிகள்

2017 ஜூலை 26. வெள்ளை மாளிகையில் ஒரு விழா. அதிபர் டிரம்ப், விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர், ஃபாக்ஸ்கானின் நிறுவனர் டெர்ரி கோவ் எல்லோரும் மேடையில். அறிவிப்பு இதுதான்: 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேருக்கு வேலை. பெரிய அளவு டி.வி-க்களுக்கான எல்.சி.டி திரைகளை முதல்முறையாக அமெரிக்க மண்ணில் தயாரிக்கப்போகிறார்கள்.

பதிலுக்கு மாநிலம் தரவேண்டியது ஏறக்குறைய 300 கோடி டாலர் மதிப்புள்ள வரிச்சலுகை. வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்கு 2.3 லட்சம் டாலர்! ‘இந்தப் பணம் மாநிலத்துக்கு வரியாகத் திரும்பிவர 2042-43 ஆகிவிடும்’ என்று சட்டமன்றத்தின் சொந்த நிதி அலுவலகமே கணக்குப் போட்டுச் சொன்னது. அப்படியும் சட்டம் நிறைவேறியது.

2018 ஜூன் மாதம் அடிக்கல் நாட்டு விழா. டிரம்ப் நேரில் வந்து, தங்க நிற மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினார். இந்தத் தொழிற்சாலையை ‘உலகின் எட்டாவது அதிசயம்’ என்றார்.

அந்த 300 கோடி டாலரைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. நான் சொல்லவருவது, அதற்குப் பின்னால் அமைதியாக நடந்த செலவைப் பற்றி. தண்ணீர், கழிவுநீர், சாலை, மின்சாரம்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வரிச்சலுகை என்பது வேலையை முடித்துவிட்டு வாங்கும் கூலி. ‘இத்தனை பேருக்கு வேலை கொடு, இத்தனை கோடி முதலீடு செய், பிறகு சலுகையை வாங்கிக்கொள்’ என்பதுதான் ஒப்பந்தம். செய்யாவிட்டால் சலுகை இல்லை. ஆனால் குழாயை அப்படிப் போட முடியாது. ‘முதலில் தொழிற்சாலையைக் கட்டி ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் தண்ணீர் தருகிறோம்’ என்று எந்த ஊரும் சொல்ல முடியாது. தொழிற்சாலைக்கு முன்னால் குழாய் வரவேண்டும். குழாய்க்கு முன்னால் கடன் வரவேண்டும். அந்தக் கடன் யார் பெயரில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

26,000 பேர் தலையில்...

மவுன்ட் பிளசன்ட்டை அங்கே ‘வில்லேஜ்’ என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு பேரூராட்சி. மக்கள்தொகை சுமார் 26,000. சோயாவும் சோளமும் விளைந்த வயல்கள், நடுவே ஒதுங்கிய வீடுகள். இந்த ஊரும், இது அமைந்திருக்கும் ரசீன் மாவட்டமும் சேர்ந்து, ஃபாக்ஸ்கானுக்காக ஒப்புக்கொண்ட உள்ளூர்ச் செலவுத் திட்டம் 76.4 கோடி டாலர். நிலம் வாங்க, குழாய் பதிக்க, சாலை போட, இன்னும் பல. அந்தத் தொகையை ஊரின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 29,000 டாலர் வருகிறது.

‘இவ்வளவு கடனை எப்படி அடைப்பார்கள்?’ என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பழகிய வழி உண்டு. அந்த நிலத்துக்கு இன்று என்ன மதிப்போ, அதற்கான சொத்துவரி வழக்கம்போல பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் போகும். தொழிற்சாலை வந்து மதிப்பு ஏறிய பிறகு கிடைக்கும் கூடுதல் வரி முழுவதும் கடனை அடைக்கப் போகும். அதாவது, நாளைக்கு வரப்போகும் வரியை நம்பி இன்றைக்கு வாங்கும் கடன். தொழிற்சாலை வந்தால் கணக்கு நேராகிவிடும். வராவிட்டால்? அதற்கும் மாநிலச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊரால் கடனைக் கட்ட முடியாமல் போனால், அதில் 40 சதவிகிதம் வரை கைகொடுக்கும் தார்மிகப் பொறுப்பை மாநிலம் ஏற்றுக்கொண்டது. மிச்சம் 60 சதவிகிதம் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே அன்று யாரும் விரும்பவில்லை என்று தோன்றுகிறது.

நிலம் எடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜூன் மாதம், அடிக்கல் விழா நடந்த அதே மாதத்தில், ஊராட்சி மன்றம் சுமார் 2,800 ஏக்கரைச் ‘சீரழிந்த பகுதி’ என்று அறிவித்தது. நம் ஊரில் ‘புறம்போக்கு’, ‘நீர்ப்பிடிப்பு’ என்று ஏட்டில் ஒரு வார்த்தை மாறினால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறும் அல்லவா, அப்படி ஒரு வார்த்தை இது. அறிவிப்பில் அடங்கிய இடத்தில் விவசாய நிலமும், நன்றாகப் பராமரித்துவந்த வீடுகளும் இருந்தன. அதற்குள் பெரும்பாலானவர்கள் சந்தை விலைக்கு மேல் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். சிலர் வழக்குப் போட்டார்கள். வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன.

சாலைக்கும் பஞ்சமில்லை. பக்கத்தில் ஓடும் ஐ-94 நெடுஞ்சாலையை அகலப்படுத்த 25 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கிக்கொள்ள ஃபாக்ஸ்கானுக்கான சட்டத்திலேயே இடம் ஒதுக்கினார்கள். அதைச் செலவு என்று சொல்லிவிட முடியாது. சாலையில் எல்லோரும்தானே போகிறோம். தண்ணீர் விவகாரம்தான் சிக்கலானது.

ஏரித் தண்ணீர் யாருக்கு?

மிஷிகன் ஏரியைக் கடல் என்று சொன்னாலும் நம்பிவிடலாம், அவ்வளவு பெரியது. ஆனால், அதிலிருந்து ஒரு குடம் தண்ணீரை ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமானால், எட்டு மாநிலங்கள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். 2008-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. வெளியே எடுத்துப்போகப் பொதுவாக அனுமதி இல்லை. ஒரு சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் பாதி, வெளியே பாதி என்று இருக்கும் ஊர், பொதுமக்கள் குடிநீர் விநியோகத்துக்காகக் கேட்டால் கொடுக்கலாம். மவுன்ட் பிளசன்ட் அப்படிப்பட்ட ஊர். ஊரின் ஒரு பக்கத்தில் விழும் மழை மிஷிகன் ஏரிக்குப் போகும். இன்னொரு பக்கத்தில் விழுவது மிசிசிப்பி ஆற்றுக்குப் போகும். தொழிற்சாலைக்கான இடத்தின் ஒரு பகுதி, அந்த இன்னொரு பக்கத்தில்.

பக்கத்து ஊரான ரசீன் நகரத்தின் குடிநீர்த் துறைதான் விண்ணப்பித்தது. நாளைக்கு 70 லட்சம் கேலன் வேண்டும் என்றார்கள். நம் கணக்கில் 2.65 கோடி லிட்டர். இதில் பெரும்பகுதி ஃபாக்ஸ்கான் வளாகத்துக்கு. பயன்படுத்தியது போக மிச்சத்தைச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆனாலும் தினமும் 27 லட்சம் கேலன், அதாவது ஒரு கோடி லிட்டர், திரும்பி வராது.

இங்கேதான் சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டன. விதிவிலக்கு என்பது பொதுக் குடிநீருக்கு. அப்படியென்றால், பெரும்பாலும் வீடுகளுக்குப் போகும் தண்ணீர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தப் புதுக் குழாயில் வரப்போகும் தண்ணீர் பெரும்பாலும் போவது ஒரு தொழிற்சாலைக்கு. இது எப்படிப் பொதுக் குடிநீர் ஆகும்?

மாநில இயற்கை வளத் துறை சொன்ன பதில் சாமர்த்தியமானது. புதுக் குழாயை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது, ரசீன் குடிநீர்த் துறையை மொத்தமாகப் பார்க்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவை வீடுகள்தான். ஆகவே, இது பொதுக் குடிநீர். 2018 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். 2019-ல் அங்கேயும் அனுமதி உறுதியானது.

‘தனியாகப் பார்க்காதே, மொத்தத்தோடு சேர்த்துப் பார்!’ இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கரன்ட் பில்லிலும் இதே வாக்கியம்தான்.

ஆளுக்கு 28 டாலர்

தொழிற்சாலைக்கு மின்சாரம் கொண்டுவரப் புதிய துணை மின்நிலையமும் உயரழுத்த மின்பாதையும் தேவைப்பட்டன. மதிப்பு, சுமார் 14 கோடி டாலர். இதைக் கட்டியது மாநிலத்தின் மின்கடத்துக் கம்பெனி. கட்டிய செலவை ஃபாக்ஸ்கானிடம் மட்டும் வாங்கவில்லை. அங்குள்ள விதிப்படி உயரழுத்தப் பாதை என்பது எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதனால் செலவு அந்தக் கம்பெனியின் மொத்தக் கட்டணக் கணக்கில் கலந்துவிடும். அதன் கம்பிகளை நம்பியிருப்பவர்கள் சுமார் 50 லட்சம் பேர். வகுத்தால் ஆளுக்கு 28 டாலர். அதுவும் ஒரே தடவையில் அல்ல, பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக.

மாதத்துக்கு ஒரு சில சென்ட்! இதற்காக யார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணைக்குப் போவார்கள்? நம் வீட்டு மின் கட்டண ரசீதில் நிலைக் கட்டணம், அது இது என்று வரும் வரிகளை என்றைக்காவது கூட்டிப் பார்த்திருக்கிறோமா? அதே கதைதான். 14 கோடி டாலரை ஒருவரிடம் கேட்டால் அவர் வக்கீலோடு வருவார். 50 லட்சம் பேரிடம் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்.

இது அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மலைக் கிராமத்தில் இருக்கும் பத்து வீடுகளுக்குக் கம்பி இழுக்கும் செலவை அந்தப் பத்து வீடுகளே கட்ட வேண்டும் என்றால், அவர்களுக்கு ஜென்மத்துக்கும் விளக்கு எரியாது. எல்லோர் செலவையும் எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்ற ஏற்பாடு அவர்களுக்காக வந்தது. எளியவர்களுக்காகப் போட்ட அந்தப் பந்தலில், உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளும் வந்து உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் கேள்வி வருகிறது.

வந்தது என்ன?

2018 முடிவதற்குள் 260 பேராவது வேலையில் இருந்தால்தான் முதல் தவணைச் சலுகை. ஃபாக்ஸ்கான் கொடுத்த கணக்கிலேயே 178 பேர். 2019 ஜனவரியில், நிறுவனத்தின் முக்கியப் பிரமுகரான லூயிஸ் வூ, டி.வி திரை தயாரிப்பில் அமெரிக்காவில் இருந்துகொண்டு போட்டிபோட முடியாது என்கிற ரீதியில் ஒரு பேட்டி கொடுத்தார். டிரம்ப் டெர்ரி கோவிடம் போனில் பேசினார். ‘இல்லை இல்லை, தொழிற்சாலை உண்டு’ என்று உடனே ஓர் அறிக்கை வந்தது. சொன்ன அளவிலான பெரிய திரைத் தொழிற்சாலை மட்டும் வரவே இல்லை. சில கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று பிரமாண்டமான கண்ணாடிக் கோளம். தூரத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு நடுவே யாரோ பந்தை மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

2018 இறுதியில் நடந்த தேர்தலில் ஸ்காட் வாக்கர் தோற்று, டோனி எவர்ஸ் ஆளுநரானார். 2020 அக்டோபரில், ஒப்பந்தத்தில் சொன்ன தொழிற்சாலை இது இல்லை என்று மாநிலம் வரிச்சலுகையை மறுத்தது. 2021 ஏப்ரலில் புது ஒப்பந்தம். 1,000 கோடி டாலர் முதலீடு 67.2 கோடியாகச் சுருங்கியது. 13,000 வேலைகள் 1,454 ஆயின. மாநிலம் தரவேண்டிய சலுகையும் அதிகபட்சம் 8 கோடி டாலராகக் குறைந்தது.

அதாவது, வேலைக்குப் பிறகுதான் கூலி என்று எழுதிவைத்ததால் மாநில அரசு பெரிய நஷ்டத்திலிருந்து தப்பித்தது. ஆனால் குழாய்க்கு அப்படி எழுத முடியாதே! 13,000 பேருக்காகப் போட்ட குழாயை 1,454 பேருக்கான குழாயாகச் சுருக்க முடியாது. அது மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கான கடன் பத்திரம் யாரோ ஒருவரின் பெட்டிக்குள் இருக்கிறது.

ஊரை ஓரளவு காப்பாற்றியது, உள்ளூர் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு ஷரத்து. எத்தனை கட்டடம் கட்டினாலும், கட்டாவிட்டாலும், 2023 முதல் அந்தச் சொத்தின் மதிப்பு குறைந்தது 140 கோடி டாலர் என்று வைத்துத்தான் ஃபாக்ஸ்கான் வரி கட்ட வேண்டும். அடிக்கல் விழாவின் ஆரவாரத்தில் இந்த வரியை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். யார் எழுதிச் சேர்த்தாரோ, அந்த வக்கீலுக்கு ஊர் மக்கள் கோயில் கட்டலாம்.

தண்ணீர் குறைந்தது, கரன்ட் கூடியது

கதை இத்தோடு முடிந்திருந்தால் ‘ஏமாந்த ஊர்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2023-ல் அதே இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் வந்தது. முதலில் 315 ஏக்கரை 5 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு இன்னும் நிறைய நிலம். 2024 மே மாதம் அப்போதைய அதிபர் பைடன் வந்து, 330 கோடி டாலரில் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர் வருகிறது என்று அறிவித்தார். முன்னொரு அதிபர் வந்து மண்வெட்டி பிடித்த ஊரேதான்! அடுத்த ஆண்டே முதலீட்டை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தப்போவதாகக் கம்பெனி சொன்னது.

‘அன்று குழாயும் கம்பியும் சாலையும் போட்டதால்தான் இன்று மைக்ரோசாஃப்ட் வந்தது’ என்பது திட்டத்தின் ஆதரவாளர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நம் ஸ்ரீபெரும்புதூரிலும் இப்படி ஒன்றைப் பார்த்தோம். 2014 நவம்பரில் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து வெளியே வந்தார்கள். கட்டடமும் மின் இணைப்பும் சாலையும் அப்படியே கிடந்தன. 2020-ல் சால்காம்ப் அங்கே சார்ஜர் தயாரிக்க வந்தது. நல்ல இடம் என்றைக்காவது ஒருநாள் பயன்படும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளின் வட்டியை யார் கட்டினார்கள் என்பது தனிக் கேள்வி.

மவுன்ட் பிளசன்ட்டில் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. ஃபாக்ஸ்கானுக்காக நாளைக்கு 70 லட்சம் கேலன் கேட்டார்கள் இல்லையா? மைக்ரோசாஃப்ட்டின் டேட்டா சென்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்று மில்வாக்கி ஆற்றைக் காக்கப் பாடுபடும் ஓர் அமைப்பு, ரசீன் நகரத்திடம் கேட்டது. மாதக்கணக்கில் பதில் வரவில்லை. 2025 செப்டம்பரில் வழக்குப் போட்ட பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. பிந்தைய கட்டங்களும் முடிந்த பிறகு தேவைப்படுவது, வருடத்துக்கு 84 லட்சம் கேலன். கவனியுங்கள், நாளைக்கு அல்ல, வருடத்துக்கு! முன்பு அனுமதி வாங்கிய அளவில், ஒன்றேகால் நாள் தண்ணீர்கூட இல்லை. இதில் ஒளித்துவைக்க என்ன இருந்தது என்றுதான் புரியவில்லை. நல்ல செய்தியைக்கூட வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் கரன்ட் விஷயம் தலைகீழ். டேட்டா சென்டர் என்பது லட்சக்கணக்கான சிப்கள் இரவு பகலாக ஓடும் கூடாரம். அது கேட்கும் மின்சாரம் ஒரு தொழிற்சாலை கேட்பது போல அல்ல, ஒரு நகரம் கேட்பது போல. அந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் வீ எனர்ஜீஸ் நிறுவனம், பெருகிவரும் தேவையைச் சமாளிக்க ஓக் கிரீக், பாரிஸ் ஆகிய இரண்டு இடங்களில் இயற்கை எரிவாயு மின்நிலையங்களைக் கட்ட முடிவு செய்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 1,200 மெகாவாட், செலவு 150 கோடி டாலருக்குப் பக்கம். வேலைவாய்ப்பு என்று பார்த்தால், முதல் மையத்துக்கு மைக்ரோசாஃப்ட் சொல்வது சுமார் 500 நிரந்தரப் பணியாளர்களை.

பழைய வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? ‘தனியாகப் பார்க்காதே, மொத்தத்தோடு சேர்த்துப் பார்.’ இந்த முறை 14 கோடி டாலர் அல்ல, அதுபோலப் பத்து மடங்கு. அதனால் மாதம் சில சென்ட் என்று யாரும் சும்மா இருக்கவில்லை. மாநிலத்தின் நுகர்வோர் அமைப்பான ‘சிட்டிசன்ஸ் யுட்டிலிட்டி போர்டு’ எழுந்து நின்றது. மின்நிலையம் ஓடப்போவது பல பத்தாண்டுகள். டேட்டா சென்டர் அத்தனை வருடம் இருக்குமா? நடுவில் கிளம்பிவிட்டால், மிச்சக் கடன் ரசீன் நகரத்து ஓய்வூதியக்காரரின் கரன்ட் பில்லில்தானே வந்து விழும்? ‘நீ இருக்கும்வரை உன் பங்கைக் கட்டு’ என்பது போதாது, ‘நீ போனாலும் உன் பங்கைக் கட்டு’ என்று எழுத வேண்டும் என்பதுதான் இந்தச் சண்டையின் சாரம்.

நம் மில்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

ஒஹையோ மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. 2025 ஜூலையில் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி, புதிதாக வரும் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர்கள், தாங்கள் கேட்ட மின்சாரத்தில் 85 சதவிகிதத்துக்கான கட்டணத்தை, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் 12 ஆண்டுகள் வரை கட்டியாக வேண்டும். இல்லாத தொழிற்சாலைக்குக் கம்பி இழுக்கும் வேலைக்கு இது ஒரு கடிவாளம்.

இதைப் படித்ததும் கோவை, திருப்பூர் பக்கத்து மில் முதலாளிகள் சிரித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பழைய விஷயம். அவர்கள் எவ்வளவு கேட்டு வாங்கியிருக்கிறார்களோ, அதில் 90 சதவிகிதம், அல்லது உண்மையில் எட்டிய உச்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அதற்கு டிமாண்ட் சார்ஜ் கட்ட வேண்டும். கொரோனா ஊரடங்கில் ஆலைகள் பூட்டிக் கிடந்தபோதும் இந்தக் கட்டணத்தைக் கேட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. ஐம்பது பேர் வேலை பார்க்கும் ஸ்பின்னிங் மில், கம்பி இழுத்த செலவுக்குத் தன் பங்கைக் கட்டியாக வேண்டும் என்பதில் நமக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் கைகுலுக்கும் பெரிய கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தங்களிலும் அதே கறார் இருக்கிறதா என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது வெறும் அமெரிக்கக் கதை இல்லை.

தண்ணீரில் நாம் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையின் கழிவுநீரைக் கோயம்பேட்டில் மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்பும் ஆலை 2019-ல் வந்தது. திறன், நாளைக்கு 4.5 கோடி லிட்டர். சென்னைவாசிகள் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய அதே வருடம்! ஒரு லிட்டர் கழிவுநீர் தொழிற்சாலைக்குப் போனால், ஒரு லிட்டர் ஏரித் தண்ணீர் வீட்டுக்கு மிச்சம். அதன் விலையும், எந்தக் கம்பெனி எவ்வளவு வாங்குகிறது என்பதும் வாசலில் பலகை வைத்து எழுதினால் இன்னும் சந்தோஷம்.

மீண்டும் விஸ்கான்சின். 2025 மார்ச்சில் வீ எனர்ஜீஸ் நிறுவனமே, மிகப் பெரிய வாடிக்கையாளர்களுக்கு என்று தனிக் கட்டண முறை ஒன்றை ஆணையத்தின் முன் வைத்தது. தங்களுக்காகக் கட்டும் மின்நிலையத்தின் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் எந்த மின்நிலையம் அவர்களுக்காக, எது ஊருக்காக என்று பிரிப்பது எப்படி, எத்தனை வருடம் கட்ட வேண்டும், எந்த அளவுக்கு மேல் இருந்தால் ‘மிகப் பெரிய’ வாடிக்கையாளர் என்பதில் எல்லாம் நுகர்வோர் தரப்பு கேள்வி எழுப்பியது.

எரிவாயு மின்நிலையங்கள் இரண்டுக்கும் அந்த ஆண்டு மே மாதமே அனுமதி கிடைத்துவிட்டது. செலவு யார் தலையில் என்ற மனுவின் மீதான விசாரணை அதற்குப் பிறகுதான் நடந்தது.